ஒரே மண்டபத்தில் இரண்டு திசை: இமாம் நவவீ பள்ளிவாசலில் கிப்லா சரிசெய்யப்பட்ட நிகழ்வு

பின்னணி

குடியிருப்புப் பகுதி ஒன்றிலுள்ள நடுத்தர அளவுப் பள்ளிவாசல் இது. கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பள்ளி எழும்புவதற்கு முன்பே இங்கு குடியேறியிருந்த சிலர், சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு ஒருவர் வீட்டில் கூடி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பைப் படித்து வந்தார்கள். இடம் வாங்கிப் பள்ளி கட்டியபோது அந்நூலைத் தொகுத்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் பெயரையே பள்ளிக்கும் வைத்தார்கள்.

இமாம் நவவீ ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1233) டமாஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்தவர். டமாஸ்கஸின் தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யாவில் ஹதீஸ் கற்பித்தவர். ஹிஜ்ரி 676இல் (1277) நவாவிலேயே மறைந்தார். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து எது என்று அறிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இன்றும் முதலில் எடுப்பது அவருடைய நூல்களைத்தான். இங்கு தொழுபவர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். மற்றொரு சட்டப் பிரிவான ஹனஃபி மத்ஹபினரும் கணிசமாக இருக்கிறார்கள். இந்த இரண்டு விவரங்களும் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவை.

மண்டபத்தின் முன்சுவர் மனையின் எல்லைக்கோட்டுக்கு இணையாக எழுப்பப்பட்டது. மனை ஏறக்குறைய கிப்லாவை, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் கஅபா இருக்கும் திசையை, நோக்கியே இருந்ததால் அந்தச் சுவரின் நடுவிலேயே மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) அமைந்தது. திசையை அளந்து குறித்ததற்கான தாள் எதுவும் பள்ளியின் கோப்புகளில் இல்லை. பிறகு பெண்கள் தொழுவதற்காக மேல்தளம் கட்டியபோதும் கீழே இருந்த கோட்டையே பின்பற்றினார்கள்.

கவனிக்கப்பட்டவை

ரமளான் மாத இரவொன்றில் ஓர் இளைஞர் தன் கைபேசிச் செயலியில் கிப்லாவைப் பார்த்தார். மிஹ்ராப் காட்டும் திசைக்கும் செயலியின் அம்புக்குறிக்கும் இடையே விலகல் தெரிந்தது. அவர் அதை நண்பர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கைபேசிகளில் பார்த்தார்கள். ஒவ்வொரு கைபேசியும் வெவ்வேறு அளவைக் காட்டியது. ஆனாலும் எல்லாமே வலப்பக்கம் திரும்பச் சொன்னதால் விலகல் உண்மைதான் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

முதலில் பின்வரிசையில் இருவர் மூவர் மட்டும் உடலைச் சற்றுத் திருப்பி நின்றார்கள். பிறகு ஒரு பகுதி வரிசையே சாய்ந்து நின்றது. தோளோடு தோள் சேர்ந்திருந்த சஃப்பில் (தொழுகை வரிசையில்) இடைவெளி விழுந்தது. பக்கத்தில் நிற்பவர் எந்தக் கோட்டைப் பின்பற்றுகிறார் என்பதைத் தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்கு முன்பே கவனிக்கத் தொடங்கினார்கள். சிலர் ஜமாஅத்துடன் (கூட்டாக) தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய் அதே தொழுகையைத் திரும்பத் தொழுதார்கள். ஒரு நாள் அஸர் நேரத்தில் மாடிப்படி அருகே உள்ள வராந்தாவில் சிறு குழு ஒன்று திசையை மாற்றித் தனி ஜமாஅத்தே நடத்தியது. கீழே இமாம் தொழுவித்துக்கொண்டிருந்தபோதே இது நடந்தது. நிர்வாகக் குழு இதைத் தள்ளிப்போட முடியாத விஷயமாக எடுத்துக்கொண்டது அன்றுதான்.

வாக்குவாதங்களில் பேசப்பட்டது பெரும்பாலும் டிகிரிக் கணக்கு. ஆனால் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மகன், இப்போது அவரே முதியவர், ஓர் இளைஞரிடம் கேட்ட கேள்வி வேறு. “வாப்பா மவுத்தாகுற வரைக்கும் இந்த மிஹ்ராபைப் பார்த்துத்தான் தொழுதாங்க. அந்தத் தொழுகையெல்லாம் கூடலன்னு சொல்றியா, தம்பி?” அந்த இளைஞர், “நான் அப்படிச் சொல்லல மாமா, திசையைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்” என்றார். பெரியவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் திருத்தத்தை எதிர்ப்பவர்களின் முன்னணியில் இருந்தார்.

இந்த உரையாடல் நடந்தபோது அதன் எடை யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பின்னர் திசையை அளந்த குழுவில் பணியாற்றியவன் என்ற முறையில் பின்னோக்கிப் பார்க்கையில், சச்சரவின் மையம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். மறைந்த பெற்றோரின் வணக்கம் செல்லாமல் போய்விட்டதோ என்ற அச்சம் மனத்தில் இருக்கும்வரை எந்தத் துல்லியமான அளவும் ஒருவருக்குப் பதிலாகாது.

இடைக்கால முடிவு

நிர்வாகக் குழு இமாமுடன் அமர்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்தது. அளவை முடியும்வரை எல்லோரும் மிஹ்ராபின் திசையிலேயே தொழ வேண்டும். தொழுகை மண்டபத்தில் கைபேசியால் கிப்லா பார்ப்பதை நிறுத்த வேண்டும். கேள்வியை எழுத்தில் வடித்து இரு மத்ஹப் ஆலிம்களுக்கும் அனுப்ப வேண்டும்.

முதல் முடிவுக்கு இமாம் சொன்ன காரணம் எளிமையானது. முஸ்லிம்கள் நீண்ட காலம் தொழுதுவரும் பள்ளியின் மிஹ்ராபே ஓர் ஆதாரம். அதைவிட வலுவான ஆதாரம் வரும்வரை அதை விடக்கூடாது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கைபேசி அளவுகள் வலுவான ஆதாரம் ஆகா. இளைஞர்கள் தரப்பில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அளவை நடக்கும், அதன் முடிவு வெளிப்படையாக அறிவிக்கப்படும் என்று இமாம் உறுதி கூறியதால் தனி ஜமாஅத் நின்றது.

அளவை

அளவைக் குழுவில் நில அளவையாளர் ஒருவர், கணித ஆசிரியர் ஒருவர், தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் பள்ளியின் மோதினார், நான் ஆகியோர் இருந்தோம். கைபேசிகள் ஏன் வெவ்வேறு அளவு காட்டின என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது. கைபேசியில் இருப்பது காந்த உணரி. தூண்களிலுள்ள இரும்புக் கம்பிகள், சன்னல் கம்பிகள் எல்லாம் அதைத் திருப்பிவிடும். ஒலிபெருக்கிக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. மிஹ்ராபின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் மாட்டியிருந்தன. கிப்லாவை உறுதிசெய்ய எல்லோரும் போய் நின்ற அதே இடம்தான் மண்டபத்திலேயே நம்பிக்கைக்கு மிகவும் தகாத இடம். இதற்கு மேல், காந்த வடக்கும் புவியின் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுகள் செல்லச் செல்லவும் மாறும்.

ஒரு பெரியவர் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். தட்டையான படத்தில் நேராகத் தெரியும் கோடு, உருண்டையான புவியின் மேல் மக்காவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியாக இருக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் இருப்பவர் படத்தைப் பார்த்தால் தென்கிழக்கே திரும்பத் தோன்றும். கோளக் கணக்கின்படி அவருக்குக் கிப்லா வடகிழக்கே இருக்கிறது. கணித ஆசிரியர் ஒரு பந்தின் மேல் நூலை இழுத்துக் காட்டியதும் பெரியவர் தாமே படத்தைச் சுருட்டி வைத்தார்.

முதல் முறை: காந்தத்தை நம்பாத கணக்கு. பள்ளியின் நீளமான பக்கச் சுவரின் திசையை, செயற்கைக்கோள் படத்திலும் தரையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியாலும் உண்மை வடக்கை வைத்து அளந்தோம். மக்காவின் அட்சரேகை ஏறக்குறைய வடக்கு 21.42 டிகிரி, தீர்க்கரேகை கிழக்கு 39.83 டிகிரி. இவற்றையும் பள்ளியின் ஆயத்தொலைவுகளையும் கோள முக்கோணவியல் சூத்திரத்தில் இட்டால் கிப்லாவின் கோணம் கிடைக்கும். சுவரின் திசை அதிலிருந்து சுமார் 9 டிகிரி விலகியிருந்தது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் காட்டியபோது தலையாட்டியவர்கள் ஏற்கெனவே நம்பியவர்கள் மட்டுமே. மற்றவர்களுக்கு அது இன்னொரு கைபேசிச் செயலி போலத்தான் இருந்தது. எல்லோரும் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று தேவைப்பட்டது. அது வானத்தில் இருந்தது.

மக்கா, கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டில் இருமுறை கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது: மே 27 அல்லது 28இல் மக்கா நேரம் நண்பகல் 12.18க்கும், ஜூலை 15 அல்லது 16இல் 12.27க்கும். அந்தக் கணத்தில் சூரியன் தெரியும் எந்த ஊரில் இருந்தாலும், சூரியனை நோக்கி நின்றால் அதுவே கிப்லா. செங்குத்தான பொருளின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிரே விழும். இது இன்றைய கண்டுபிடிப்பு அல்ல. இமாம் நவவீயின் காலத்தவரான நஸீருத்தீன் தூஸி தம் வானியல் நூலில் இம்முறையை விளக்கியிருக்கிறார். நவவீ கற்பித்த அதே டமாஸ்கஸில், அடுத்த நூற்றாண்டில், உமய்யா பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் ஷம்சுத்தீன் கலீலி, பல அட்சரேகைகளுக்கும் தீர்க்கரேகைகளுக்கும் கிப்லா அட்டவணையே தயாரித்தார். இமாம் ஒரு ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) இதைச் சொன்னது பெரிய உதவியாக இருந்தது. ‘விஞ்ஞானம் பள்ளிக்குள் புகுந்துவிட்டது’ என்ற பேச்சு அதோடு அடங்கியது.

ஜூலையில் அந்த நாளுக்காகக் காத்திருந்தோம். அவசரப்பட்டவர்கள், சூரியனின் நிலையை எந்த நாளிலும் கணக்கிட முடியுமே என்றார்கள். முடியும்தான். ஆனால் அதற்கும் கணக்கை நம்ப வேண்டும். இந்த நாளில் நம்ப வேண்டியது கடிகாரத்தை மட்டுமே.

திறந்த முற்றத்தில் தூக்குக்குண்டு கட்டப்பட்டது. நூலைப் பிடித்தவர் யார் என்பதில்தான் குழு மிகுந்த கவனம் எடுத்தது. தந்தையின் தொழுகையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவரையே பிடிக்கச் சொன்னோம். நிழலின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டவர் முதலில் கைபேசியில் பார்த்த இளைஞர். நேரத்தை உரக்கச் சொன்னவர் மோதினார். முந்தைய நாளும் அதே நேரத்தில் ஒத்திகையாகக் கோடு போட்டிருந்தோம். இரண்டு கோடுகளும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. அந்தக் கோட்டிலிருந்து கருவியின் மூலம் மண்டபச் சுவருக்குக் கோணம் எடுத்தபோது, கணக்கில் வந்த அதே 9 டிகிரி, அரை டிகிரிக்குள்ளான வேறுபாட்டுடன் கிடைத்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டின் மேல் நின்று சூரியன் இருந்த பக்கமும் மிஹ்ராப் இருந்த பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

நூல்களில் இருந்த பதில்

அளவை நடந்துகொண்டிருந்தபோதே வேறொரு சிக்கல் எழுந்தது. மார்க்கக் கல்வி பயிலும் ஒரு மாணவர், இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ என்ற சட்ட நூலில் ஒரு வரியைப் படித்துக் காட்டினார். தன் ஆய்வின்படி ஒரு திசையில் தொழுதவருக்குப் பிறகு தவறு உறுதியாகத் தெரிந்தால், வலுவான கருத்தின்படி அவர் அதைக் கழா செய்ய (திரும்பத் தொழுது ஈடுசெய்ய) வேண்டும் என்பது அதன் கருத்து. பள்ளியின் பெயரே நவவீ, அவர் சொல்லியே கேட்க மாட்டீர்களா என்று அந்த வரி கைபேசிகளில் சுற்றியது. முப்பது ஆண்டுத் தொழுகையைக் கழா செய்வதா என்று வயதானவர்கள் கலங்கினார்கள். ஒரு மூதாட்டி தன் மகனை இமாமிடம் அனுப்பி, எத்தனை வக்துகள் (வேளைத் தொழுகைகள்) கழா செய்ய வேண்டும் என்று கேட்டாராம். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஆலிம்களின் எழுத்துப் பதில் வந்தபோது அந்த வரிக்கு அடுத்ததாக வரும் செய்தியும் அதில் இருந்தது. ஒருவருடைய ஆய்வின் முடிவு மாறினால் புதிய முடிவின்படி செயல்பட வேண்டும், முன்னர் தொழுததற்குக் கழா இல்லை. ஒரு தொழுகையின் நான்கு ரக்அத்தை (சுற்றுகளை) நான்கு திசைகளில், ஒவ்வொரு முறையும் ஆய்வின்படியே திரும்பித் தொழுதிருந்தாலும் கழா இல்லை என்கிறார் நவவீ. அவருடைய வேறு இரண்டு நூல்களிலிருந்தும் ஆலிம்கள் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஊரின் மிஹ்ராப் காட்டும் மொத்தத் திசையை மாற்ற ஆய்வு செய்யக்கூடாது, ஆனால் சிறிதளவு வலமோ இடமோ திரும்புவதில் ஆய்வு செய்யலாம் என்பது ஒன்று. மக்காவுக்குத் தொலைவில் இருப்போரின் சிறு விலகலில், தவறு ‘உறுதியானது’ என்று சொல்வதற்கில்லை என்று இமாம் பஃகவீ போன்றோர் கூறியதை நவவீ எடுத்தெழுதியிருப்பது மற்றொன்று. ஆக, மொத்தத் திசை சரியாகவே இருந்த இந்தப் பள்ளிக்கு அந்த முதல் வரி பொருந்தாது, கழா எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். இருபுறமும் 45 டிகிரிக்குள்ளான விலகல் தொழுகையை முறிக்காது என்ற ஹனஃபி அறிஞர்களின் விளக்கத்தின்படியும் முந்தைய தொழுகைகள் செல்லும் என்று ஹனஃபி ஆலிம் கையெழுத்திட்டிருந்தார்.

இமாம் அடுத்த ஜும்ஆவில் சட்ட விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, குர்ஆனின் 2:143 வசனத்துக்குச் சென்றார். கிப்லா ஜெருசலேமிலுள்ள பைத்துல் மக்திஸிலிருந்து கஅபாவுக்கு மாற்றப்பட்டபோது, மாற்றத்துக்கு முன்பே இறந்துவிட்ட நபித்தோழர்களின் தொழுகை என்னவாகும் என்று மக்கள் தவித்தார்கள். “அல்லாஹ் உங்கள் ஈமானை வீணாக்குபவனாக இல்லை” என்ற வசனம் அவர்கள் விஷயத்தில் இறங்கியது. மதீனாவை அடுத்த குபாவில் தொழுதுகொண்டிருந்தவர்கள் செய்தி வந்ததும் தொழுகைக்குள்ளேயே திரும்பினார்கள், தொழுத ரக்அத்துகளை மீட்டவில்லை. பெரியவர் முன்வரிசையில் இருந்தார். தொழுகை முடிந்ததும் இமாமிடம் சென்று, “ஹஜ்ரத், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அவர் சொன்னது சரி.

எடுக்கப்பட்ட முடிவு

அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனையும் குழுவின் முன் இருந்தது. இரு மத்ஹபுகளிலும் முந்தைய தொழுகை செல்லும் என்றான பிறகு எதற்கு மாற்றம் என்றார்கள். அது ஏற்கப்படவில்லை. தொலைவில் இருப்பவர் மொத்தத் திசையை நோக்கினால் போதும் என்பது ஹனஃபி நிலை. கஅபாவையே நோக்க வேண்டும், தொலைவில் இருப்பவர் மேலோங்கிய எண்ணத்தின்படி அதை நோக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான நிலை. சரியான கோடு முற்றத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. இனி அந்த எண்ணம் பழைய சுவரின் பக்கம் இருக்காது.

மிஹ்ராபை இடித்துக் கட்டலாம் என்ற யோசனையும் கைவிடப்பட்டது. செலவு ஒரு காரணம். தங்கள் பெற்றோர் கட்டியதை இடிப்பதைப் பார்க்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். சுவரும் மிஹ்ராபும் மிம்பரும் (உரை மேடையும்) அப்படியே இருக்க, வரிசைக் கோடுகளை மட்டும் திருப்புவது என்று தீர்மானித்தோம்.

இதில் எளிதாகக் கண்ணில் படாத கணக்கு ஒன்று உண்டு. 14 மீட்டர் அகல மண்டபத்தில் வரிசையை 9 டிகிரி திருப்பினால் அதன் ஒரு முனை மறுமுனையைவிட 2.2 மீட்டர் முன்னே போய்விடும். முன்புறம் ஒரு மூலையிலும் பின்புறம் எதிர்மூலையிலும் முக்கோணமாக இடம் வீணாகும். ஏறக்குறைய இரண்டு வரிசை ஆட்கள் தொழும் இடம் குறைந்தது. நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவர்கள் வழக்கமாக இருக்கும் வரிசை முனைகள் தூண்களுக்குப் பின்னால் போயின. அவர்களுக்காக நடுவரிசைகளில் இடம் ஒதுக்கப்பட்டது.

விரிப்புகளை வெட்டி ஒட்டும் வேலை ஒரு வார நாளின் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு தொடங்கி சுபுஹுக்குள் முடிந்தது. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தது திட்டமிட்டே. பெருங்கூட்டம் வருமுன் நாள்தோறும் வருபவர்கள் புதிய வரிசைக்குப் பழகிவிட்டால், மற்றவர்கள் அவர்களைப் பார்த்தே நின்றுகொள்வார்கள்.

பிறகு நடந்தவை

கீழ்த்தளத்தில் மாற்றம் அமைதியாக நடந்தது. அந்தப் பெரியவர் முதல் சுபுஹுக்கே வந்து முன்வரிசையில் நின்றார். தனி ஜமாஅத் நடத்தியவர்களில் இருவர் இமாமிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு குடும்பங்கள் வேறு பள்ளிக்குப் போகத் தொடங்கின. அவர்களில் ஒரு குடும்பம் இன்னும் திரும்பவில்லை.

இந்தப் பணியின் மிகப் பெரிய குறை மேல்தளத்தில் நேர்ந்தது. பெண்கள் பகுதியின் விரிப்புகளை யாரும் திருப்பவில்லை. முடிவைப் பற்றிய அறிவிப்பும் அங்கே முறையாகப் போகவில்லை. தளத்தின் ஒலிபெருக்கி பழுதாகியிருந்ததால் அந்த ஜும்ஆ பயானே அங்கு சரியாகக் கேட்கவில்லை. பல நாட்கள் பெண்கள் பழைய கோட்டிலேயே தொழுதார்கள். குர்ஆன் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கீழே எட்டிப் பார்த்தபோதுதான் வரிசைகள் திரும்பியிருப்பதைக் கண்டார். அவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் கோபத்தைவிட வருத்தமே தெரிந்தது. கழா பற்றிய அச்சம் பெண்களிடையே அதிகம் பரவியிருந்தது. அதற்கான விடை அவர்களுக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. கடிதம் வந்த மறுநாளே விரிப்புகள் திருப்பப்பட்டன. இமாமின் மனைவியும் அந்த ஆசிரியையும் சேர்ந்து விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். எத்தனை வக்துகள் கழா என்று கேட்டனுப்பிய மூதாட்டியும் வந்திருந்தார்.

மற்றவை சிறியவை. வெறுமையான பின்மூலையில் நூல் அலமாரி வைக்கப்பட்டு, நின்றுபோயிருந்த ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ வகுப்பு அங்கே மீண்டும் தொடங்கியது. மாணவரின் கேள்வியால் பலருக்கு ‘மின்ஹாஜ்’ மேல் ஆர்வம் வந்ததால், வாரம் ஒருமுறை அதுவும் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் அந்த மாணவரே. ஒரு பிரிவை முழுமையாக முடிக்காமல் நிறுத்துவதில்லை என்ற வழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

இதே நிலை வேறொரு பள்ளியில் வந்தால் நாங்கள் செய்தவற்றின் முன்பின் ஒழுங்கு தலைகீழாக வேண்டும். முந்தைய தொழுகைகள் பற்றிய மார்க்க விளக்கம் முதலில் வர வேண்டும், அளவை அதற்குப் பிறகு. இங்கு விளக்கத்துக்காகக் காத்திருந்த வாரங்களில்தான் அச்சமும் கழா பற்றிய அரைகுறைச் செய்தியும் பரவின. விலகல் எவ்வளவு என்று தெரியாத நிலையிலும், சிறு விலகலுக்குக் கழா இல்லை என்பதை ஆலிம்கள் சொல்லியிருக்க முடியும்.

அளவைக் குழுவில் பெண்கள் பகுதியிலிருந்து ஒருவர் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். அறிவிப்பு ஒலிபெருக்கியில் மட்டுமின்றி எழுத்திலும், இரு தளங்களிலும், ஒரே நாளில் போக வேண்டும்.

ஜூலையில் தவறினால் அடுத்த மே மாதம்வரை காத்திருக்க நேரும். மேகமூட்டம் இருந்தால் இரண்டு நாட்களும் கைகொடுக்காமல் போகலாம். ஆகவே சுவரின் திசையை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, சூரியனை உறுதிப்படுத்தும் சான்றாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. அடித்தளம் தோண்டுமுன் ஒரு நில அளவையாளரைக் கொண்டு கோடு குறித்தால் போதும்.

அளவைக் குறிப்பு, ஆலிம்களின் பதில், விரிப்பு வரைபடம், நூலைப் பிடித்த பெரியவர் உட்பட அன்று முற்றத்தில் இருந்தவர்களின் கையெழுத்து ஆகியவை இப்போது பள்ளியின் மூலப்பத்திரத்துடன் ஒரே கோப்பில் உள்ளன. மேல்தள விரிவாக்கத்துக்கான வரைபடம் தயாராகிறது. அதில் முதலில் போடப்பட்டது கிப்லாக் கோடு.